ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு: ரைஃபிளின் சேம்பர் குறியை எப்படி மாற்றுகிறது?

2024 ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில், ஆண்கள் தகுதிச் சுற்றில் இந்தியாவிலிருந்து இருவர் சுட்டார்கள். ஸ்வப்னில் குசாலே 600-க்கு 590 எடுத்து ஏழாவதாக வந்தார். இறுதிச் சுற்றில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலமும் வென்றார். ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் எடுத்தது 589. பதினோராம் இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் என்பதால் அவருக்கு அங்கேயே போட்டி முடிந்தது.

அந்த ஒரு புள்ளி எங்கே போனது என்பதற்குக் காற்று, மூச்சு, மனசு என்று நூறு காரணம் இருக்கலாம். அவருடைய துப்பாக்கியைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஆனால் ஒரு புள்ளி இவ்வளவு தூரம் தள்ளிவிடும் விளையாட்டில், துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் நோண்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். அப்படி நோண்டும்போது அதிகக் குழப்பம் வரும் இடம் சேம்பர், அதாவது தோட்டா போய் உட்காரும் குழி. 'மேட்ச் சேம்பர்', 'ஸ்போர்ட்டிங் சேம்பர்', 'பென்ட்ஸ்', 'வைல்ட்' என்று விளம்பரங்களில் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இறுக்கமான சேம்பர் வாங்கினால் குறி தப்பாது என்கிறார் ஒருவர். அதெல்லாம் வியாபாரப் பேச்சு என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் பெயர்கள்

நம் செய்தித்தாள்களில் தோட்டா, குண்டு, ரவை எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். இந்த விஷயத்துக்கு அது ஒத்துவராது. எனவே இப்படி வைத்துக்கொள்வோம்.

1. தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், முனையில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது.

2. குண்டு என்பது பறந்து போகும் பகுதி மட்டும். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

3. குழலின் உட்சுவரில் மேடும் பள்ளமுமாக முறுக்கிக்கொண்டு ஓடும் வரிகளுக்கு ரைஃபிளிங் என்று பெயர். குண்டைச் சுழலவைப்பது அதன் வேலை. ரைஃபிள் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது.

4. குழலின் பின்முனையில், தோட்டா போய் உட்கார வெட்டியிருக்கும் குழிதான் சேம்பர். அதை வெட்டும் கருவி ரீமர். லேத் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு ரீமர் தெரிந்த சாமான்தான். டிரில் போட்ட ஓட்டையை அளவுக்குச் சீவி எடுப்பது. சேம்பர் ரீமர் தோட்டாவின் வடிவத்திலேயே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேம்பர் தோட்டாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தோட்டா உள்ளே போகாது. வெடித்தபின் வெளியேயும் வராது. வெடிக்கும்போது பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரோடு அப்பிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்குகிறது. அதனால்தான் வெற்றுக் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. ஆக, இடைவெளி வேண்டும். எங்கே எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

8 மில்லிமீட்டர் கணக்கு

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம் சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும். எனவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். வட்டத்தின் ஆரம் 5.2, குண்டின் ஆரம் 2.8, கூட்டினால் 8. அதற்கு வெளியே அடுத்த 8 மி.மீ. வரை ஒன்பது.

இப்போது துப்பாக்கியை ஆடாமல் அசையாமல் இரும்புப் பிடியில் மாட்டிவைத்துச் சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் கை இல்லை, காற்றும் இல்லை. அப்போதும் குண்டுகள் ஒரே ஓட்டையில் விழாது, ஒரு சின்ன வட்டத்துக்குள் சிதறும். அந்தச் சிதறலின் விட்டம் 10 மி.மீ. என்றால் மிக மோசமான குண்டுகூட மையத்திலிருந்து 5 மி.மீ.தான் விலகும். சுடுபவர் 3 மி.மீ. தப்பு செய்யலாம், பத்து போகாது. சிதறல் 16 மி.மீ. என்றால் அந்த மோசமான குண்டுக்கு மிச்சம் பூஜ்யம். சுடுபவர் கடுகளவு பிசகினாலும் ஒன்பது. நின்றபடி, கிட்டத்தட்ட எட்டு கிலோ எடையைத் தூக்கிப் பிடித்துச் சுடும் மனிதருக்கு அந்த 3 மி.மீ. பெரிய சொத்து.

குண்டு சாய்ந்து புகுந்தால்

சேம்பர் இந்தச் சிதறலில் எப்படித் தலையிடுகிறது? கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

வெடிமருந்து பற்றியதும் குண்டு கூட்டைவிட்டு நகர்கிறது. ரைஃபிளிங் வரிகளைத் தொடும்வரை அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்தச் சின்ன தூரத்தில், சுற்றிலும் இடம் தாராளமாக இருந்தால், குண்டு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தபடியே வரிகளுக்குள் புகும். வரிகள் அதை அந்தக் கோணலிலேயே கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு குழல் எவ்வளவு நல்ல குழலாக இருந்தாலும் குண்டை நிமிர்த்தாது. ஈயம் மெத்தென்ற உலோகம், கொடுத்த வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

கோணலாகப் புகுந்த குண்டின் எடைமையம் குழலின் நடுக்கோட்டில் இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். எவ்வளவு? 0.01 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடலாம். தலைமுடியின் தடிமனில் சுமார் ஏழில் ஒரு பங்கு.

இந்தப் போட்டியில் சுடும் தோட்டாவுக்கு .22 என்று பெயர். அதன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. ஒலியின் வேகத்தைத் தாண்டி மறுபடி இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். ரைஃபிளிங் 16 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. அதாவது 406 மி.மீ. போனால் குண்டு ஒரு சுற்று சுற்றும். வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 812 சுற்று, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 49,000. நம் மிக்சி ஓடும் வேகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

மழையில் நனைந்த குடையைச் சிறுவர்கள் சுழற்றும்போது தண்ணீர்த் துளிகள் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் தெறிக்கும் இல்லையா? குழலுக்குள் இருக்கும்வரை குண்டின் எடைமையம் அந்தத் துளி மாதிரி நடுக்கோட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழல்வாயைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகிறது. எடைமையம் அந்தக் கணத்தில் எந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கம் தெறிக்கிறது. 0.01 மி.மீ. விலகலுக்குப் பக்கவாட்டு வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். அற்பம்தான். ஆனால் 50 மீட்டர் போய்ச்சேர 0.155 நொடி ஆகிறது. பெருக்கினால் 8 மி.மீ.

இலக்கில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே இருப்பது அதே 8 மி.மீ.தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாக் குண்டும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தால் பிரச்சினையே இல்லை. குண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் தள்ளிப் போகும், குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்வதுதான் சிதறல். ஆகவே நல்ல சேம்பரின் வேலை குண்டை நேராக அனுப்புவது மட்டும் இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அனுப்புவது. 'இறுக்கம்' அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

சேம்பரில் எந்த அளவுகள் முக்கியம்?

1. தொண்டை. கூட்டின் வாய் முடியும் இடத்துக்கும் ரைஃபிளிங் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள பகுதி. இதில் வரி இல்லாத வழவழப்பான பகுதிக்கு ஃப்ரீபோர் என்று பெயர். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள். பலர் நீளத்தை மட்டும் பேசுகிறார்கள். மேலே பார்த்த சாய்வுக்கு அகலம்தான் முதல் குற்றவாளி.

2. ஹெட்ஸ்பேஸ். தோட்டா முன்னும் பின்னும் ஆட எவ்வளவு இடம் என்பது. .22 தோட்டாவில் இது பின்புற விளிம்பின் தடிமனைப் பொறுத்தது. இடம் அதிகமானால் சுத்தியல் ஊசியின் அடியில் ஒரு பகுதி தோட்டாவை முன்னால் தள்ளுவதிலேயே வீணாகும். ப்ரைமர் ஒரு தடவை நன்றாகப் பற்றும், ஒரு தடவை சோம்பலாகப் பற்றும், வேகம் மாறும். 50 மீட்டரில் குண்டு சுமார் 12 செ.மீ. கீழே இறங்குகிறது. வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் இன்னும் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இறங்கும். இலக்கில் செங்குத்தாகக் கோடு போட்டது போல் ஓட்டைகள் விழுந்தால் பழைய ஆட்கள் முதலில் சந்தேகப்படுவது இப்படி வேகத்தில் வரும் மாற்றத்தைத்தான்.

3. சென்டர். சேம்பரின் நடுக்கோடும் குழலின் நடுக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். லேத்தில் குழலை மாட்டி, டயல் கேஜ் வைத்து, முள் அசையாத வரை சென்டர் பார்த்த பிறகே ரீமரை உள்ளே விட வேண்டும். சென்டர் தவறி வெட்டிய இறுக்கமான சேம்பர், சென்டரில் வெட்டிய தளர்வான சேம்பரைவிட மோசம். குண்டைக் கோணலாகவே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விளம்பரத்தில் வரும் பெயர் எதுவும் இதைச் சொல்லாது.

4. கூடு உட்காரும் உடல்பகுதியின் அகலம். இது நான்காவதுதான். தோட்டா தரையில் படுத்ததுபோல் சேம்பரின் அடியில் கிடந்தால் குண்டும் கொஞ்சம் கீழே நோக்கி இருக்கும் என்ற அளவில் மட்டும்.

.22: ஸ்போர்ட்டிங்கா, மேட்ச்சா?

.22 லாங் ரைஃபிள் 1887-ல் அமெரிக்காவில் பிறந்த தோட்டா. இன்றும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளுக்கு அதுதான். அதில் ஒரு பழங்காலப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குண்டின் விட்டமும் கூட்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ ஒன்று. குண்டின் அடிப்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் செருகியிருக்கும். மற்ற ரைஃபிள் தோட்டாக்களில் குண்டு கூட்டின் கழுத்துக்குள் ஆழமாக இறங்கி நிற்கும், கழுத்து அதை நேராகப் பிடித்திருக்கும். .22-இல் அந்தப் பிடி இல்லை. விரலால் வலுவாகத் திருகினாலே குண்டு ஆடும். எனவே குண்டை நேராக நிறுத்தும் பொறுப்பு முழுக்கச் சேம்பரின் தலையில்.

ஸ்போர்ட்டிங் சேம்பர் கூட்டுக்கு வேண்டிய அகலத்திலேயே குண்டையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும். குண்டு வரிகளைத் தொடாமல் நிற்கும். எந்தக் கம்பெனித் தோட்டாவானாலும், மெழுகும் புகைக்கரியும் ஒட்டியிருந்தாலும், உள்ளே போகும், வெளியே வரும். தோட்டத்தில் வேட்டைக்கும், டப்பாவை அடுக்கி விளையாட்டாகச் சுடுவதற்கும் தயாரிக்கும் துப்பாக்கிக்கு அது சரியான முடிவு.

மேட்ச் சேம்பர் குட்டையானது, முன்பக்கம் ஒடுங்கியது. தோட்டா முழுதாக உட்கார்வதற்கு முன்பே குண்டின் தோள் வரிகளில் முட்டிவிடும். தோட்டாவை உள்ளே தள்ளிச் சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது கடைசியாக ஒரு சின்ன எதிர்ப்பு, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, கைக்குத் தெரியும். ஈயக் குண்டு வரிகளுக்குள் அழுந்தும் உணர்வு அது. சுடாமல் அந்தத் தோட்டாவை மெல்ல வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், குண்டின் தோளைச் சுற்றிச் சம இடைவெளியில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் இருந்தால் சேம்பர் சென்டரில் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஒரு பக்கம் நீளமாகவும் எதிர்ப்பக்கம் லேசாகவும் இருந்தால் ஏதோ ஓரிடத்தில் கோணல்.

பயன் என்ன? வெடிப்பதற்கு முன்பே குண்டு வரிகளின் பிடியில் இருக்கிறது, சாய இடமில்லை. அப்புறம், ஒவ்வொரு குண்டும் கிளம்பும்போது ஒரே அளவு எதிர்ப்பைச் சந்திப்பதால் வெடிமருந்து எரிவதும் ஒரே சீராகிறது. இரண்டும் சேர்ந்துதான் சிதறலைக் குறைக்கின்றன.

விலையும் உண்டு. சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு வரிகளிலேயே மாட்டிக்கொண்டு கூடு மட்டும் வந்துவிடலாம். வெடிமருந்துத் துகள் உள்ளே கொட்டும், அந்த நாளின் பயிற்சி அங்கேயே நிற்கும். தானியங்கித் துப்பாக்கியில் வெறும் ஸ்பிரிங்கின் பலம்தான் தோட்டாவைத் தள்ளுகிறது. மனிதக் கை போல அழுத்தி உட்காரவைக்க முடியாது. மேட்ச் சேம்பரில் அது பாதியில் நின்றுவிடும். ஸ்போர்ட்டிங், மேட்ச் இரண்டுக்கும் நடுவே செய்த சமரசம்தான் பென்ட்ஸ் சேம்பர். ஸ்போர்ட்டிங்கைவிட இறுக்கம், ஆனால் சுடாத தோட்டாவை வெளியே எடுக்கலாம், தானியங்கியும் ஓடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. சிசிஐ கம்பெனியின் ஸ்டிங்கர் என்ற அதிவேக .22 தோட்டாவின் கூடு வழக்கமான .22-ஐவிட நீளம். மேட்ச் சேம்பரில் போட வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். கூட்டின் வாய் தொண்டைக்குள் நெரிந்து, குண்டை விடுவிக்க இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 'எல்லாம் .22-தானே' என்ற எண்ணம் மாட்டும் இடம் இது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே கூடும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. பெல்லட் நேரே குழலின் வாயில் போய் உட்கார்கிறது. பெல்லட்டின் பாவாடை போன்ற அடிப்பகுதி குழலோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் அங்கே கேள்வி. வேறு கட்டுரைக்கான விஷயம்.

.223, 5.56, வைல்ட்: ஒரே தோட்டாவுக்கு மூன்று சேம்பர்கள்

சேம்பர் தேர்வு என்றதும் அமெரிக்கர்கள் அதிகம் வாதாடுவது .22 பற்றி இல்லை, .223 ரெமிங்டன் பற்றி. அங்கே ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் இருப்பதால் இது அன்றாடப் பேச்சு. அளவுகளால் மட்டும் குறி மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு இல்லை என்பதால் நாமும் பார்ப்போம்.

.223 ரெமிங்டனும் நேட்டோவின் 5.56-ம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தோட்டா. கூட்டின் வடிவம் ஒன்றுதான். குண்டின் விட்டமும் ஒன்றுதான், 5.69 மி.மீ. வேறுபடுவது தொண்டை.

1. .223 சேம்பர். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1926-ல் சேர்ந்து அமைத்த 'சாமி' என்ற அமைப்பு (பெயரைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஆங்கில எழுத்துச் சுருக்கம்தான்) வகுத்த அளவு. ஃப்ரீபோர் நீளம் 0.64 மி.மீ., அகலம் 5.695 மி.மீ. குண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பக்கம் 0.003 மி.மீ.கூட இல்லை. குட்டை, இறுக்கம்.

2. 5.56 நேட்டோ சேம்பர். நீளம் 1.5 மி.மீ., அகலம் 5.753 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 0.03 மி.மீ. இடைவெளி. போர்க்களத்தில் சேறு, சூடு, பல நாட்டுத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதால் இந்தத் தாராளம். சிப்பாய்க்குத் துப்பாக்கி மாட்டாமல் சுடுவது முக்கியம். அரை மில்லிமீட்டர் சிதறலைப் பற்றி அவன் யோசிக்கப்போவதில்லை.

3. வைல்ட் சேம்பர். நீளம் 1.57 மி.மீ., அகலம் 5.69 மி.மீ. நீளம் நேட்டோவை ஒட்டியது. அகலம் .223-ஐவிடவும் ஒரு துளி இறுக்கம்.

மூன்றாவது ஏன் பிறந்தது என்பதில்தான் சுவாரசியம். ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ மாதிரித் துப்பாக்கி) பிரிவில் ஒரே துப்பாக்கியை வைத்து 200, 300, 600 கஜ தூரங்களில் சுட வேண்டும். கிட்டத்தில் மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) வேகமாகச் சுடும் சுற்று உண்டு. அதற்கு மேகசினுக்குள் அடங்கும் நீளத்தில் தோட்டா வேண்டும். 600 கஜத்தில் ஒவ்வொன்றாகக் கையால் போட்டு நிதானமாகச் சுடலாம். அந்தத் தூரத்தில் காற்றுக்கு அசைந்துகொடுக்காத 80 கிரெய்ன் நீளக் குண்டு வேண்டும். கிரெய்ன் என்பது 0.065 கிராம், எனவே குண்டு 5 கிராமுக்குச் சற்று மேல். அவ்வளவு நீளக் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அமுக்கினால் வெடிமருந்துக்கு இடம் போய்விடும். வெளியே நீட்டினால் .223-இன் குட்டைத் தொண்டையில் முட்டும். நேட்டோ தொண்டையில் முட்டாது, ஆனால் அகலம் அதிகம், குண்டு ஆடும்.

இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த துப்பாக்கித் தச்சர் பில் வைல்ட் செய்தது எளிமையான காரியம். நீளத்தை ஒன்றிலிருந்தும் அகலத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்தார். நீளக் குண்டுக்கு இடமும் கிடைத்தது, அந்த இடத்தைக் கடக்கும்போது சுவர் அணைத்தபடி பிடியும் கிடைத்தது. நீளமும் அகலமும் தனித்தனிக் கேள்விகள் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

விளம்பரம் மறைக்கும் ஒரு விஷயமும் இங்கே உண்டு. 55 கிரெய்ன் மலிவுத் தோட்டாக்களை வாங்கிச் சுடுபவர் வைல்ட் சேம்பருக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது என்ன? அவருடைய குட்டைக் குண்டு வரிகளைத் தொடுவதற்கு முன் நீண்ட தூரம் தாவ வேண்டும். தோட்டாவே சீராக இல்லாதபோது தொண்டையின் இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) காப்பாற்றாது. அவர் வாங்கியது பெரும்பாலும் குழலில் பொறித்த பெயரைத்தான்.

பாதுகாப்பு விஷயமும் ஒன்று. நேட்டோ தோட்டாவைச் சாமி அளவு .223 சேம்பரில் போடக் கூடாது என்பது அந்த அமைப்பின் எச்சரிக்கை. குட்டைத் தொண்டையில் குண்டு வரிகளுக்கு மிக அருகே, சில சமயம் முட்டியே நிற்பதால் அழுத்தம் கூடும். இணையத்தில் சிலர் .223-க்கு 55,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), நேட்டோவுக்கு 62,000 பிஎஸ்ஐ என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து 'ஏழாயிரம் வித்தியாசம்' என்கிறார்கள். இரண்டும் கூட்டின் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு முறையில் அளந்தவை. நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆபத்து உண்மை, ஆனால் அதற்குக் காட்டும் கணக்கு தவறு.

இறுக்கத்துக்கு எல்லை உண்டா?

பெஞ்ச்ரெஸ்ட் என்ற போட்டியில் துப்பாக்கியை மேசைமேல் மணல் பையில் வைத்துச் சுடுவார்கள். ஐந்து அல்லது பத்து குண்டுகளை எவ்வளவு நெருக்கமாக அடிக்கிறீர்கள் என்பது மட்டுமே கணக்கு. 1975 வாக்கில் லூ பால்மிசானோ, ஃபெரிஸ் பிண்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பிபிசி தோட்டா அங்கே நெடுங்காலமாகக் கோலோச்சுகிறது. (செய்தி நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.)

அங்கே சேம்பரின் கழுத்துப் பகுதியை வேண்டுமென்றே சிறியதாக வெட்டுவார்கள். கடையில் வாங்கிய கூடு அப்படியே உள்ளே போகாது. சுடுபவர் ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் சின்னக் கருவியில் மாட்டிச் சீவி, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்து இதைச் செய்பவர்கள் உண்டு. பலன் இருக்கிறது: குண்டு கிட்டத்தட்ட நடுக்கோட்டிலேயே நிற்கும். ஆனால் சீவாத கூடு ஒன்று தவறிப்போய் உள்ளே அமுங்கிவிட்டால், வெடிக்கும்போது கழுத்து விரிய இடமில்லாமல் குண்டைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் எகிறும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் தெரிகின்றன. சேம்பரை இறுக்கும் ஒவ்வொரு மைக்ரானுக்கும் ஈடாகத் தோட்டாவின் தரத்தை நீங்கள் உயர்த்தியாக வேண்டும். அழுக்கு, சூடு, அளவு மாறுபாடு ஆகியவற்றுக்குச் சேம்பர் கொடுத்திருந்த மன்னிப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

புதிய தோட்டாக்களை வடிவமைப்பவர்கள் இந்தப் பாடத்தை முன்பே உள்ளே வைத்துவிடுகிறார்கள். 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் நீளக் குண்டுகளை மனதில் வைத்தே வரைந்த தோட்டா. தொண்டையின் அகலமும் குண்டை ஒட்டியே இருக்கும்படி தர அளவிலேயே எழுதப்பட்டது. அதனால் சாதாரண கடைத் துப்பாக்கியும் சாதாரண கடைத் தோட்டாவும் சேர்ந்தே நன்றாகச் சுடுகின்றன. அந்தத் தோட்டாவில் மந்திரம் எதுவும் இல்லை. பழைய தோட்டாக்களுக்குத் தச்சர்கள் தனியாக வெட்டித் தந்ததை இது பிறவியிலேயே கொண்டுவந்தது.

சேம்பரால் ஆகாதது

சேம்பர் வெட்டிய நாளில் இருந்த அளவிலேயே என்றைக்கும் இருப்பதில்லை. வேகமான தோட்டாக்களில் சூடான வாயு தொண்டையை அரித்து, வரிகள் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளுகிறது. போட்டியாளர்கள் குண்டைக் கூட்டிலிருந்து இன்னும் இன்னும் வெளியே நீட்டி அதைத் துரத்திக்கொண்டே போவார்கள். .22-இல் அரிப்பு குறைவு, படிவு அதிகம். அதன் ப்ரைமர் கலவையில் பல கம்பெனிகள் உரசலுக்காக அரைத்த கண்ணாடித் தூள் சேர்க்கின்றன. அதுவும் புகைக்கரியும் சேர்ந்து கூட்டின் வாய்க்கு முன்னால் ஒரு கடினமான வளையமாகப் படியும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி திடீரென்று ஒன்பது போடத் தொடங்கினால், குழலை மாற்றும் முன் அந்த வளையத்தைத் தேய்த்து எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். நீங்கள் வாங்கிய மேட்ச் சேம்பரின் அளவைக் கரி மாற்றிவைத்திருக்கலாம்.

ஒரே பெயர் கொண்ட இரண்டு சேம்பர்களும் ஒன்றில்லை. ரீமரைச் சாணை பிடிக்கப் பிடிக்க அது சிறிதாகும். புது ரீமர் வெட்டிய குழிக்கும் பலமுறை தீட்டிய ரீமர் வெட்டிய குழிக்கும் சில மைக்ரான் வித்தியாசம். தோட்டாவும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) அடுத்த லாட்டுக்கும் விளிம்பின் தடிமன், குண்டின் விட்டம், மெழுகின் அளவு ஏதாவது ஒன்று நூலிழை மாறும். எந்தச் சேம்பர் எந்த லாட்டோடு ஒத்துப்போகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகவே தோட்டாக் கம்பெனிகள் சோதனைக் கூடங்கள் நடத்துகின்றன. லாப்புவாவுக்கு ஜெர்மனியின் ஷோனபெக்கில், ஆர்டபிள்யூஎஸ்ஸுக்கு ஃபுர்த்தில், இங்கிலாந்தின் ஈலிக்கு பர்மிங்காம் பக்கத்தில். போட்டியாளர் தன் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார். கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை இரும்புப் பிடியில் முறுக்கி மாட்டுகிறார்கள். 50 மீட்டர் தள்ளி மின்னணு இலக்கு. ஒரு லாட்டில் பத்து குண்டு, திரையில் சிதறல் எத்தனை மி.மீ. என்று வருகிறது. அடுத்த லாட்டில் பத்து. ஒரு லாட் பரவிக் கிடக்கும், அடுத்தது கொத்தாக ஒரே ஓட்டையில் விழும். முந்தைய ஆள் தலையில் வைத்துக் கொண்டாடிய லாட் இவருடைய குழலில் எடுபடாமல் போவது அங்கே சாதாரணம். பிடித்த லாட்டை மறுபடி போட்டு உறுதிசெய்துகொண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டிமேல் இருக்கும் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புகிறார். அது தீர்ந்ததும் ரைஃபிள் மறுபடி பெட்டிக்குள் போகிறது, இவர் மறுபடி சோதனைக் கூடத்துக்கு.